எஞ்சின் போனதும் காமிராவை இறக்காதீர்கள்

கான்ரெயில் என்று ஒரு ரயில் கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. 1976 ஏப்ரல் 1ஆம் தேதி ஓட ஆரம்பித்து, 1999 ஜூன் 1ஆம் தேதி இரண்டு கம்பெனிகள் அதைப் பாகம் பிரித்துக்கொண்டதோடு கதை முடிந்தது. பாஸ்டன், நியூயார்க் பக்கத்திலிருந்து சிகாகோ, செயின்ட் லூயிஸ் வரைக்கும் நீல நிற எஞ்சின்கள். 1983லிருந்து பயணிகள் வண்டியே கிடையாது, முழுக்க முழுக்கச் சரக்குதான். அதன் கடைசிக் காலத்தில் நான் பிட்ஸ்பர்கில் இருந்தேன். ஒய்டூகே, அதாவது 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்ற பயத்தில் புரோகிராம்களைத் திருத்திய வேலைக்கு ஆளெடுத்து அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். வாரம் முழுக்க கோபல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமில் இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்குவது, சனி ஞாயிறானால் கான்ரெயில் கூட்ஸ் வண்டிகளைப் படமெடுப்பது. அந்த ஸ்லைடுகளை இப்போதுதான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எடுக்க எடுக்க ஒரு விஷயம் உறுத்துகிறது, அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

இதைச் சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது, "அமெரிக்கா போய் கூட்ஸ் வண்டியையாடா எடுத்தே, நயாகரா எல்லாம் எடுக்கலையா?" என்றுதான். எடுத்தேன். எல்லாரும் எடுத்த அதே கம்பியோரம் நின்று எடுத்தேன், அந்த ஆல்பத்தை வீட்டில் யாரும் திறந்தே பல வருடம் ஆகிறது. கூட்ஸ் வண்டி சமாச்சாரம் வேறு. ரயில்வே கேட் போட்டிருக்கும்போது சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேகன் எண்ணிய தலைமுறை நான். கடைசியில் கார்டு வேனில் நிற்பவருக்குக் கை காட்டினால் அவரும் காட்டுவார். வேகன் பக்கவாட்டில் இருக்கும் எஸ்.ஆர்., சி.ஆர்., இ.ஆர். எழுத்துகளை வைத்து இது நம்ம தெற்கு ரயில்வே, இது மத்திய ரயில்வே, இது கல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. பென்சில்வேனியாவில் முதன்முதலாக ஒரு சரக்கு ரயில் என்னைக் கடந்து போனபோது வேகனில் அதே சி.ஆர். இங்கே அதற்குக் கான்ரெயில் என்று அர்த்தம். அப்புறம் விட முடியுமா?

சரி, கொஞ்சம் பழைய கதை. பென்சில்வேனியா ரெயில்ரோடு, நியூயார்க் சென்ட்ரல் என்று இரண்டு ஜென்மப் பகையாளிகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை இந்த இரண்டு கம்பெனிகள்தான் தலைமுறை தலைமுறையாக ஆண்டுகொண்டிருந்தன. 1968 பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் கைகோத்து பென் சென்ட்ரல் என்று ஆனார்கள். இரண்டரை வருடம்கூடத் தாங்கவில்லை, 1970 ஜூனில் திவால். அதுவரை அமெரிக்கா பார்த்ததிலேயே பெரிய திவால் அதுதான். அரசாங்கம் போட்ட நெடுஞ்சாலைகளில் லாரிகள் சரக்கை அள்ளிக்கொண்டு போயின, நிலக்கரியும் இரும்பாலைகளும் சுருங்கின, சரக்குக் கட்டணத்தை நினைத்தபடி மாற்ற ரயில் கம்பெனிகளுக்கு உரிமை கிடையாது, நஷ்டத்தில் ஓடும் பயணிகள் வண்டியையும் லேசில் நிறுத்தவிட மாட்டார்கள். போதாக்குறைக்கு ஒரே ஊருக்கு இரண்டு கம்பெனிகளும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி பாதை போட்டு வைத்திருந்தன. இரண்டு பேருடைய கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. என் தொழிலில் இருந்துகொண்டு அதை நம்பாமல் இருக்க முடியாது.

பென் சென்ட்ரலோடு அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் வரிசையாகப் படுத்தன. ரெடிங், எரி லாக்கவானா, லீஹை வேலி, ஜெர்சி சென்ட்ரல், லீஹை அண்ட் ஹட்சன் ரிவர். அமெரிக்க மோனோபோலி பலகையில் வாங்குவதற்கு நான்கு ரயில்பாதைகள் இருக்குமே, அதில் ரெடிங், பென்சில்வேனியா இரண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அரசாங்கம் கான்ரெயில் என்று பெயர் வைத்தது. சுமார் 700 கோடி டாலர் அரசுப் பணம் உள்ளே போனது. 1980இல் ஸ்டேகர்ஸ் சட்டம் வந்து கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் சுதந்திரம் கிடைத்தது, 1981இல் ஸ்டான்லி கிரேன் தலைவராக வந்தார், வேண்டாத பாதைகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டினார். ஏறத்தாழ 17,000 மைலாக ஆரம்பித்தது கடைசியில் 11,000 மைலுக்குள் வந்துவிட்டது. லாபமும் வந்தது. 1987இல் அரசாங்கம் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. நன்றாக ஓட ஆரம்பித்ததுதான் அதற்கு வினையாகவும் போனது என்பது என் கட்சி. 1996இல் சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் கம்பெனி வாங்க வந்தது, விடுவேனா என்று நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு ரயில் கம்பெனி குறுக்கே பாய்ந்தது, விலை ஏறி ஏறி சுமார் 1,000 கோடி டாலருக்குப் போய், நார்ஃபோக் சதர்னுக்கு 58 சதவீதம், சிஎஸ்எக்ஸுக்கு 42 சதவீதம் என்று முடிவானது. அந்தப் பேரம் முடிந்து, அமலுக்கு வருவதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் நான் காமிராவோடு போய்ச் சேர்ந்தேன். சாகப்போகிறது என்று தேதி குறித்த கம்பெனியைப் படமெடுக்க நாடு முழுவதிலிருந்தும் ரயில் பைத்தியங்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எடுத்தது என்ன என்பதில்தான் எனக்கு வருத்தம். எஞ்சின், எஞ்சின், எஞ்சின்.

அதற்கு ஒரு இலக்கணமே இருந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், எஞ்சினின் முகமும் ஒரு பக்கவாட்டும் தெரிகிற மாதிரி முக்கால் கோணத்தில் நிற்க வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, சக்கரம் வரை வெளிச்சம் இருக்க வேண்டும். ஃபிலிம் என்றால் பெரும்பாலும் கோடாக்ரோம் 64 என்ற கோடாக் கம்பெனியின் ஸ்லைடு ஃபிலிம். நல்ல வெயிலில் ஷட்டர் 500இல் ஒன்று, அப்பர்ச்சர் எஃப் 5.6, இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். பழைய ஆட்கள் லைட் மீட்டரைத் தொட்டே பார்க்க மாட்டார்கள். மேகம் வந்தால் காமிராவை மூடிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு ரோலில் 36 படம், ஒவ்வொரு கிளிக்கும் காசு. எஞ்சின் ஃபிரேமில் சரியாக வந்து உட்காரும்போது ஒன்று அடிப்பார்கள், அவ்வளவுதான், காமிராவை இறக்கிவிடுவார்கள். பின்னால் இன்னும் ஒரு மைல் நீளத்துக்கு வண்டி வந்துகொண்டே இருக்கும். அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அடுத்த வண்டி எப்போது என்று, ரயில்காரர்கள் பேசுவதைக் கேட்கும் ரேடியோ ஸ்கேனரில் காது வைத்திருப்பார்கள்.

எனக்கோ வேடிக்கையே அங்கேதான் ஆரம்பிக்கும். எஞ்சின்களுக்கு கான்ரெயில் சீக்கிரமே நீல வண்ணம் அடித்துவிட்டது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வேகன்களுக்கு அப்படிச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்? துரு பிடித்தால் பிடிக்கட்டும், நம்பரை மட்டும் மாற்று, ஓட்டு. அதனால் 1998இல்கூட ஒரு சாதாரண கான்ரெயில் சரக்கு ரயிலில் பென் சென்ட்ரலின் பச்சை பாக்ஸ்கார் (நாலு பக்கமும் மூடிய வேகன்), எரி லாக்கவானாவின் சாய்சதுரச் சின்னம் போட்ட ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் வேகன்), எப்போதாவது சுதந்திர தேவி சிலை முத்திரையோடு ஜெர்சி சென்ட்ரல் வேகன் என்று செத்துப்போன கம்பெனிகள் எல்லாம் வரிசையாக வரும். பாட்டி பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு, பாட்டி போய் முப்பது வருடத்துக்குப் பிறகும் சமையலறையில் புழங்கிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. யாரும் நினைவுச்சின்னமாக வைத்திருக்கவில்லை, புழங்குகிறது, அவ்வளவுதான். எஞ்சினைப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் இன்றைய தேதி தெரியும், வரலாறு தெரிய வேண்டுமென்றால் பின்னால் வருவதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் வழக்கமாகப் போனது ஆல்டூனா மலைப்பாதைக்கு. பிட்ஸ்பர்கிலிருந்து இரண்டு மணி நேர டிரைவ். சனிக்கிழமை காலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோவில் கேன்டீனில் புளியோதரை கட்டிக்கொண்டு, ஸ்டீல் டிபன் பாக்ஸ், ஒரு தெர்மாஸ் காபி, முக்காலி, ரேடியோ ஸ்கேனர் எல்லாம் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆல்டூனாவுக்கு மேற்கே ஹார்ஸ்ஷூ கர்வ் என்று குதிரை லாட வடிவில் ஒரு வளைவு. பென்சில்வேனியா ரெயில்ரோடு 1854இல் திறந்தது. மலைச்சரிவை மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துச் செதுக்கியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர்கள். ஆல்டூனாவிலிருந்து கேலிட்ஸின் சுரங்கப்பாதை வரைக்கும் சுமார் 12 மைலில் ஏறத்தாழ ஆயிரம் அடி ஏற வேண்டும், நேராகப் போட்டால் எந்த எஞ்சினாலும் முடியாது, அதனால் பள்ளத்தாக்கைச் சுற்றி 220 டிகிரி வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நான்கு தண்டவாளம், 1981இல் கான்ரெயில் ஒன்றைப் பிடுங்கிவிட்டது.

வளைவுக்கு உள்ளே, நடுவில் ஒரு பூங்கா. ஏறத்தாழ இருநூறு படி ஏறலாம், முடியாதவர்களுக்கு 1992இல் போட்ட இழுவை ரயில் இருக்கிறது. மேலே நின்றால் மூன்று பக்கமும் தண்டவாளம். வண்டி கீழே ஆல்டூனாவில் கிளம்பும்போதே முனகல் கேட்க ஆரம்பித்துவிடும். கேட்டுக்கொண்டே இருக்கும், வராது. டிபன் பாக்ஸைத் திறந்து பாதி சாப்பிட்ட பிறகுதான் வடக்கு ஓரமாக மரங்களுக்கு நடுவில் நீலம் தெரியும். எஞ்சின்கள் வளைவைச் சுற்றித் தெற்குப் பக்கம் போய்விட்டிருக்கும், வால் இன்னும் வடக்கில் ஏறிக்கொண்டிருக்கும், நடுவில் நீங்கள். கடைசியில் இரண்டு எஞ்சின்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், நம்மூர் ரயில்காரர்கள் பேங்கர் என்பார்களே, அதேதான். இறங்குகிற வண்டிக்கும் சமயத்தில் அதே பேங்கர்கள் பின்னால் இருக்கும், அப்போது பிடித்து நிறுத்துவது அதன் வேலை. இறங்கும் வண்டி பக்கத்தில் வந்தால் பிரேக் கட்டை தீயும் வாடை மூக்கில் ஏறும். ஸ்லைடில் அது வராது, ஆனால் சில படங்களைத் திரையில் பெரிதாக்கும்போது எனக்கு அந்த வாடை வருகிறது, மனைவி நம்பவில்லை.

காலை வெளிச்சம்தான் அங்கே சரி. வளைவின் வாய் கிழக்கே பார்த்திருப்பதால் காலையில் சூரியன் முதுகில் இருக்கும், உச்சிப் பகுதி பளிச்சென்று தெரியும். மதியம் மூன்றானால் மலை நிழல் இறங்க ஆரம்பித்துவிடும், அதற்குள் காரை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். கேலிட்ஸினில் சுரங்க வாய்க்கு மேலே ரோட்டுப் பாலத்தில் நின்று, கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்கிய வண்டி வெளியே வருவதைப் பார்க்கலாம். அப்படி அடுக்கியது நுழைகிற அளவுக்கு மாநில அரசும் கான்ரெயிலும் சேர்ந்து செலவழித்து 90களின் நடுவில்தான் சுரங்கத்தை வெட்டிப் பெரிதாக்கினார்கள். இன்னும் மேற்கே போனால் கசாண்ட்ரா என்ற சின்ன ஊரில் தண்டவாளத்துக்கு மேல் ஒரு பழைய பாலம், நடந்து போக மட்டும். ரயில் பார்க்க வருகிறவர்களுக்காக ஊர்க்காரர்களே பெஞ்சு போட்டு வைத்திருப்பார்கள். எனக்குப் பிடித்த இடம் அதுதான். அங்கே நின்றால் வேகனின் தலைப்பகுதி தெரியும், உள்ளே என்ன சரக்கு என்று தெரியும்: நிலக்கரி, இரும்புச் சுருள், பழைய இரும்பு, மரம். லாரி டிரெய்லர்களை ஏற்றி வரும் வண்டிகளுக்கு கான்ரெயிலில் டிவி என்று ஆரம்பிக்கும் குறியீடு, டிரெயில்வேன் என்பதன் சுருக்கம். ரேடியோவில் டிவி வருகிறது, டிவி வருகிறது என்று சொல்லும்போது முதலில் ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பாதையின் சிக்னல்களையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா ரெயில்ரோடு வைத்துவிட்டுப் போனது. சிவப்பு பச்சை எல்லாம் கிடையாது, வட்டத் தகட்டில் மஞ்சள் விளக்குகள் மட்டும். மூன்று விளக்கு நிமிர்ந்து நின்றால் போகலாம், சாய்ந்திருந்தால் ஜாக்கிரதை, படுத்திருந்தால் நில். பழைய கைகாட்டிக் கையின் மூன்று நிலைகளை விளக்கில் போட்ட கணக்கு. பனிமூட்டத்திலும் நிறம் தெரியாமல் போனால்கூட வடிவம் தெரியும். கான்ரெயில் போய் வெகுநாள் கழித்து நார்ஃபோக் சதர்ன் இவற்றைக் கழற்றி சாதாரண நிற விளக்குகளை வைத்தது. என்னிடம் எஞ்சினுக்குப் பின்னால் தற்செயலாக விழுந்த சிக்னல்கள் நிறைய இருக்கின்றன. இன்றைக்கு அந்த ஸ்லைடுகளில் கண் போவது அந்தச் சிக்னலுக்குத்தான். அந்த மாதிரி எஞ்சினைத் தேடினால் வேறு எவரிடமாவது கிடைத்துவிடும்.

போன வாரம் ஸ்கேன் செய்த ஒரு ஸ்லைடைச் சொல்கிறேன். லில்லி என்ற ஊர்ப் பக்கம் எடுத்தது, எஞ்சின் எப்போதோ போய்விட்டது, ஃபிரேம் முழுக்க ஒரே ஒரு பாக்ஸ்கார். பென் சென்ட்ரல் பச்சை, வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த பச்சை. பியும் சியும் பின்னிக்கொண்ட சின்னம் பாதி உரிந்திருக்கிறது. இடது மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் அடித்து அதில் சி.ஆர். என்றும் புது எண்ணும். பச்சை உரிந்த இடத்தில் அடியில் செங்காவி, பென்சில்வேனியா ரெயில்ரோட்டின் காவி, அதிலேயே வெள்ளை எழுத்தின் ஒரு கால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. வலது ஓரத்தில் கட்டிய மாதமும் வருடமும் ஸ்டென்சிலில்: 9-64. ஒரே தகட்டில் மூன்று கம்பெனி. கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், கோடு கோடாகச் சிவப்பு, நீலம், வெள்ளை ஒட்டிய ஒரு சின்னப் பலகை. கார்டிராக் என்று பெயர். ஓடும் வேகனின் எண்ணைத் தண்டவாள ஓரத்திலிருக்கும் கருவி படிக்க வேண்டும் என்று 60களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க எல்லா வேகன்களிலும் ஒட்ட வைத்தார்கள், கடைகளுக்கு பார்கோடு வருவதற்கு முன்னாலேயே. அழுக்கு படிந்தால் கருவிக்குப் படிக்க வரவில்லை, பத்து வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள். பலகையைக் கழற்ற மட்டும் யாரும் மெனக்கெடவில்லை. இரண்டு இலக்க வருடத்தைத் திருத்தப் போன ஆசாமிக்கு இதைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த ஒரு பெட்டியை எடுத்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், "ஃபிலிமை ஏன் தம்பி வீணாக்குகிறாய்" என்கிற தோரணையில் பார்த்தார். அவர் அன்று எடுத்தது வெள்ளை முகம் வைத்த எஸ்டி80மேக், 5,000 குதிரைசக்தி, கான்ரெயிலைத் தவிர வேறு எந்தக் கம்பெனியும் புதிதாக வாங்காத மாடல். அழகான எஞ்சின்தான், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த 30 எஞ்சின்களை அத்தனை பேர் எடுத்தார்கள், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊரிலும். அந்தப் பச்சை பாக்ஸ்காரை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்?

இந்த இடத்தில் ஓ. வின்ஸ்டன் லிங்க் ஞாபகம் வருகிறார். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் கடைசி நீராவி எஞ்சின்களை 1955லிருந்து 1960 வரை, பெரும்பாலும் ராத்திரியில், டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளை ஒரே நேரத்தில் வெடிக்க வைத்து எடுத்தவர். அவர் படங்களை வர்ஜீனியாவில் ரோனோக் ஊரின் பழைய ரயில் நிலையத்திலேயே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் காரில் உட்கார்ந்தபடி சினிமா பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகை, காரில் ஒரு ஜோடி, திரையில் விமானம், ஓரமாகச் சரக்கு ரயில் போகிறது. முன்னறையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஜன்னல் வழியாக ரயில் தெரிகிற படமும் உண்டு. எஞ்சின் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சுற்றி ஒரு ஊர் இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. அந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் வாரிசுதான் கான்ரெயிலைப் பாதிக்கு மேல் விழுங்கிய நார்ஃபோக் சதர்ன்.

பாகம் பிரித்த பிறகு எடுத்த படங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். 1999 கோடையில் இரண்டு கம்பெனிகளிலும் வண்டிகள் அங்கங்கே தேங்கி நின்றன, புதுப் பாதை, புதுக் கம்ப்யூட்டர், ஒன்றும் ஒட்டவில்லை. எஞ்சின்களுக்கு வண்ணம் அடிக்க நேரம் ஏது? நீல எஞ்சினில் பழைய எண்ணை மறைத்து ஒரு பட்டை, அதன் மேல் புது எண், ஜன்னலுக்குக் கீழே ஸ்டிக்கர் மாதிரி இரண்டெழுத்து. பல பேர் "அசிங்கம்" என்று காமிராவைத் தூக்கவே இல்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. எது யாருடைய பங்கு என்று கணக்கு வைக்க, நார்ஃபோக் சதர்ன் தன் பங்குக்கு வந்தவற்றுக்கு பி.ஆர்.ஆர். என்றும், சிஎஸ்எக்ஸ் தன் பங்குக்கு வந்தவற்றுக்கு என்.ஒய்.சி. என்றும் குறியீடு போட்டன. 1968இல் இணைந்த பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் முப்பத்தோரு வருடம் கழித்து வேகன் மூலையில் மறுபடி தனித்தனியாக வந்து நின்றன. அந்தப் பச்சைப் பெட்டி மாதிரி ஏதாவது ஒன்றுக்கு பி.ஆர்.ஆர். குறியீடு விழுந்திருந்தால் அது ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கும். அப்படி ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஒரு தடவை வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது காமிராவோடு ஒரு ரயில்வே கேட் அருகில் நின்றேன். பொது ரோடுதான், தண்டவாள நிலத்தில் கால் வைக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். மரியாதையாகத்தான் பேசினார். எஞ்சினை எடுக்கிற ஆட்களை அவருக்குத் தெரியுமாம், வேகனை எடுக்கிற ஆள் அவருக்குப் புதிது. அதிலும் என் மூஞ்சி, கையில் ரேடியோ ஸ்கேனர், எதிரே டேங்கர் வேகன்கள். கார்டிராக் பலகையைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததும் இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போய் கிளம்பிவிட்டார். யாருக்காவது உதவுமே என்று இந்த உபாயத்தை எழுதி வைக்கிறேன்.

ஸ்கேன் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்கேனரில் தூசியைத் தானாக எடுக்கும் வசதி கோடாக்ரோமில் சரியாக வேலை செய்யாது. அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது அது, கோடாக்ரோமோ அந்தக் கதிரையும் மறைத்துக்கொள்ளும், படத்தில் இருக்கும் சின்ன விவரங்களையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். வேகன் எழுத்துகள்தான் முதலில் போகும். அணைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாகக் கையால் துடையுங்கள். நீலம் கொஞ்சம் தூக்கலாக வரும், குறைத்துக்கொள்ளலாம். இருட்டில் வைத்திருந்த கோடாக்ரோம் இத்தனை வருடம் கழித்தும் நிறம் மாறாமல் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அதைக் கழுவ இனி உலகத்தில் ஆளில்லை, கான்சாஸ் மாநிலத்தில் மிச்சமிருந்த கடைசி லேப் 2010 முடிவோடு நிறுத்திக்கொண்டது.

கான்ரெயில் நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கும் வழி இருக்கிறது. நார்ஃபோக் சதர்ன் 2012இல் தன் முன்னோர்களின் வண்ணத்தில் 20 எஞ்சின்களுக்குப் பூச்சு அடித்தது, அதில் கான்ரெயிலும் ஒன்று, 8098. சிஎஸ்எக்ஸும் 2023இல் ஒன்றுக்கு அடித்து 1976 என்று எண் கொடுத்தது. அவை வருகிற நாளில் பாலத்தில் இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் அதே வண்டியின் பின்னால் அசல் சி.ஆர். வேகன் ஒன்று வந்துகொண்டிருக்கலாம், அதை யார் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் சரக்கு வேகனுக்கு வயது வரம்பு உண்டு. 1974 ஜூலைக்குப் பிறகு கட்டியது என்றால் பொதுவாக 50 வருடம், அதற்கு மேல் தனி அனுமதியில்லாமல் ஓட்ட முடியாது. 1978இல் கான்ரெயிலுக்காகக் கட்டிய வேகனுக்கு 2028இல் கெடு. பழைய இரும்புக் கடைக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் நியூஜெர்சி, ஓஹையோ, பென்சில்வேனியா பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஸ்கூலில் விடப் போகும்போது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் போனை எடுங்கள், எஞ்சினை விட்டுத்தள்ளுங்கள், அதை எடுக்க ஆள் இருக்கிறது. வேகனின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே நின்று, ஓரத்தில் இரண்டெழுத்தும் எண்ணும் தெரிகிற மாதிரி, கட்டிய வருடம் விழுந்தால் இன்னும் நல்லது. சுவர் ஓவியக்காரப் பையன்கள் மொத்தப் பெட்டியையும் ஸ்பிரே அடித்து வைத்திருப்பார்கள், பயப்பட வேண்டாம், எண்ணை மட்டும் பெரும்பாலும் தொட மாட்டார்கள். மறைத்தால் கம்பெனிக்காரன் மேலே வண்ணம் அடித்து எழுதிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். சி.ஆர். கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். பச்சை நிறத்தில் கிடைத்தால் எத்தனை மணியானாலும் போன் பண்ணலாம்.